வழி சொல்லாத சிவப்புத் தொப்பி

இப்போதுள்ள ஆட்களுக்கு வாய் சாப்பிடுவதற்கு மட்டும்தான். முந்தி ஊருக்குப் புதிதாக வருகிறவன் வாகனத்தை நிறுத்துவான், இறங்குவான், ஒரு தேத்தண்ணி குடிப்பான், பிறகுதான் இன்னாருடைய வீடு எது என்று கேட்பான். அதற்குள் அவன் யார், எதற்கு வந்தவன் என்று நமக்கும் பிடிபட்டுவிடும். இப்போது போனைக் கையில் ஏந்திக்கொண்டு வருகிறார்கள். அதற்குள் இருக்கிற ஒருத்தி இடப்பக்கம் திரும்பு என்றால் திரும்புகிறார்கள். கிணற்றுக்குள் திரும்பு என்றாலும் திரும்புவார்கள். அவள் வாயை மூடிய பிறகுதான் மனுசன் ஞாபகம் வருகிறது. கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கி "ஹலோ அங்கிள்" என்கிறார்கள். நான் எவனுக்கு அங்கிள்?

கல்பிட்டி ரோட்டில், மாம்புரிச் சந்தியில், ஜபாரின் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில், காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் நான் இருப்பேன். முழங்கால் என்னைக் கடலுக்குப் போகவிடாமல் நிறுத்தி ஆறு வருஷம். தலையில் ஒரு சிவப்புத் தொப்பி. அக்காவின் மகன் றொபி இத்தாலியிலிருந்து அனுப்பியது. வெயிலுக்கும் சரி, தூறலுக்கும் சரி. இந்தத் தொப்பியால்தான் பிறகு வம்பு வந்தது.

வின்சன்டின் வீடு சந்தியிலிருந்து கடற்கரைப் பக்கம் முக்கால் மைல் மணல் பாதை. என் வீடு அதற்கு அடுத்தது. அவனைத் தொட்டிலில் இருந்து தெரியும். ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் நான்தான். அவன் பெண்சாதி அனஸ்தாசியா சிலாபத்துக்காரி. கொரோனாவும் பெற்றோல் வரிசையும் முடிந்த அடுத்த வருஷம் இரண்டு பேருமாகச் சேர்ந்து வளவுக்குள் விருந்தாளிகளுக்கு மூன்று கபானா, ஓலைக் குடில், கட்டினார்கள். கிடுகு முழுக்க அனஸ்தாசியாவே பின்னினது. தென்னை மரத்துக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு, வாயில் ஜெபமாலை, கையில் ஓலை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் இந்தக் கடலில் டொல்பின் கூட்டம் கூட்டமாக வரும். அதைப் பார்க்க வெள்ளைக்காரரும் கொழும்பு ஆட்களும் வருவார்கள். வின்சன்ட் படகில் ஏற்றிக்கொண்டு போவான். அனஸ்தாசியா சமைத்துப் போடுவாள். கணக்கு அவ்வளவுதான்.

ஆள்தான் வரவில்லை.

ஒரு பருவம் முழுக்க வரவில்லை. அடுத்த பருவம் தொடங்கி ஒரு மாதமாகியும் வரவில்லை. கண்டக்குழிப் பக்கத்து ஹோட்டல்களில் வாகனம் நிறுத்த இடமில்லாமல் நிற்க, இவர்களுடைய கபானாவில் எங்கள் ஊர்ப் பூனை குட்டி போட்டது. வின்சன்ட் கட்டாருக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டான். படகு வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த திங்கட்கிழமை சிலாபத்து ஏஜென்சியில் கடைசிக் கையெழுத்து.

அனஸ்தாசியாவின் தகப்பனும் இரண்டு வருஷம் என்று சொல்லித்தான் குவைத்துக்குப் போனவர். பத்தொன்பது வருஷம் கழித்து வந்தார். வந்தபோது வாசலில் நின்ற மகளைப் பார்த்து, "தங்கச்சி, அம்மா இருக்கிறாவா?" என்று கேட்டாராம். அதை அனஸ்தாசியா சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். சொல்லி முடித்ததும் எழும்பி அடுப்படிக்குள் போய்விடுவாள்.

டிசம்பர் முதல் கிழமை, அபூசாலி கருவாடு எடுக்கத் தன் சின்னப் பட்டா லொறியில் வந்தார். மன்னாரிலிருந்து தொண்ணூறில் துரத்தப்பட்டு வந்து கனமூலையில் இருக்கிறவர். அன்றைக்கு மகள் ஹஃபீலாவும் கூட வந்திருந்தாள். வீட்டில் இருந்தபடி கம்ப்யூட்டரில் வேலை. வெப்சைட் வைத்திருக்கிற ஆட்களுக்கு, தேடினால் அவர்களுடைய கடை முன்னுக்கு வரும்படி புத்தி சொல்லிக் கொடுப்பதாம். இப்படியும் ஒரு தொழில்.

வின்சன்ட் வீட்டு முற்றத்தில் வலை விரித்து நெத்தலி காய்ந்துகொண்டிருந்தது. வாடைக்காற்று மெல்லியதாக வீசியது. நான் வாசல் கதிரையில் இருந்தேன்.

"தங்கச்சி, நீதான் பாத்துச் சொல்லணும்" என்றாள் அனஸ்தாசியா. "எங்கட வெப்சைட்ட என்ட தம்பி சாள்ஸ்தான் செஞ்சு தந்தவன். முதல் பக்கத்தில வருமெண்டு சத்தியம் பண்ணினவன். பத்தாம் பக்கம் வரைக்கும் தேடிட்டன், இல்ல."

"சத்தியம் பண்ணினாரா? அப்பவே யோசிச்சிருக்கணும் அக்கா. முதல் பக்கத்துக்குச் சத்தியம் பண்ற ஆள நம்பவே கூடாது." ஹஃபீலா மடியில் கம்ப்யூட்டரைத் திறந்தாள். திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அனஸ்தாசியா பிளேன்டீ கொண்டு வந்தாள். ஹஃபீலா குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். "இப்பதான் திறக்குது. இவ்வளவு பெரிய வீடியோவும் பாட்டும் எதுக்கு அக்கா? மூணு எண்ணுறதுக்குள்ள திறக்காட்டி ஆக்கள் அடுத்த கடைக்குப் போயிருவாங்க."

"பாட்டு நல்லாத்தான் இரிக்கு" என்றார் அபூசாலி, நெத்தலியை முகர்ந்தபடி.

"வாப்பா, சும்மா இரிங்க. அக்கா, இது எந்தக் கடல்?"

எல்லாரும் எட்டிப் பார்த்தோம். கண்ணாடி மாதிரி நீலத் தண்ணி. வெள்ளை மணல். அதில் ஒரு வெள்ளைக்காரி குப்புறப் படுத்திருந்தாள்.

"மாலைதீவோ என்னவோ" என்றான் வின்சன்ட். "சாள்ஸ் போட்டது."

"எங்கட கடல் இப்பிடியா இருந்தா நான் கருவாட்டுக்கா வருவேன்? குளிக்கல்லவா வருவேன்" என்றார் அபூசாலி.

ஹஃபீலா படத்துக்குக் கீழே இருந்த வெறும் வெள்ளை இடத்தை விரலால் தேய்த்தாள். ஒன்றுமில்லாத இடத்தில் வரி வரியாக எழுத்துக் கிளம்பியது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"வெள்ளையில வெள்ளையா எழுதி ஒளிச்சு வச்சிரிக்கார். 'கல்பிட்டி அழகான கடற்கரை ஹோட்டல், கல்பிட்டி அழகான கடற்கரை ஹோட்டல்'. எண்ணிப் பாத்தன், அறுபது தரம்."

"அறுபதா?" என்றாள் அனஸ்தாசியா. "ஜெபமாலையிலயே அருள்நிறை மந்திரம் ஐம்பத்து மூணுதான்."

"மாதா கேப்பா அக்கா. கூகுள் கேக்காது. ஏமாத்துறாங்க எண்டு நினைச்சுப் பின்னுக்குத் தள்ளிரும்."

அதே இடத்தில் போனில் சாள்ஸைப் பிடித்தாள் அனஸ்தாசியா. "அது ஒரு டெக்னிக் அக்கா" என்றான் அவன். "உன்ட டெக்னிக்கில பூனை குட்டி போட்டிருக்குடா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பிறகு ஹஃபீலா எங்களுக்கு ஒன்று காட்டினாள். கல்பிட்டிக்கு வர நினைக்கிற ஆட்கள் என்ன கேட்டுத் தேடுகிறார்கள் என்கிற பட்டியல். ஒவ்வொன்றாக வாசித்தாள். அனஸ்தாசியா நெத்தலியைத் திருப்பிப் போட்டபடி, தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னாள்.

"டொல்பின் பாக்க எத்தின மணிக்குப் போகணும்?"

"விடிய ஆறு ஆறரைக்குப் படகு இறங்கணும். ஒன்பது தாண்டினா காத்து வந்திரும், கடல் முகத்தச் சுளிக்கும்."

"படகில வாந்தி, சத்தி வருமா?"

"வரும். வெறும் வயித்தோடயும் போகக் கூடாது, வயிறு முட்டத் திண்டுட்டும் போகக் கூடாது. இஞ்சி போட்ட பிளேன்டீ, ரெண்டு பிஸ்கட். படகின்ட பின்பக்கம் இருந்தா குலுக்கல் குறைவு."

"போனா கட்டாயம் டொல்பின் காணலாமா?"

"அது என்ன நான் வளக்கிற கோழியா? பத்து நாள் போனா எட்டு நாள் காணலாம். மற்ற ரெண்டு நாளைக்கு நண்டுக் கறி ஆக்கித் தாறன்."

ஹஃபீலா தட்டிக்கொண்டே சிரித்தாள். "இதத்தான் அக்கா போடணும். இப்பிடியே. ஆக்கள் கேக்கிறதுக்கு உங்கட வாயால பதில். உங்கட சைட்டுல இப்ப என்ன இரிக்கு தெரியுமா? 'விபரங்களுக்குத் தொடர்புகொள்ளவும்'. அவ்வளவுதான்."

வின்சன்ட் முகம் கோணினான். "எல்லாத்தையும் அவிழ்த்துக் கொட்டினா மற்றவன் வாசிச்சிட்டுக் கண்டக்குழிப் படகில ஏறிருவான். இல்லயா மாமா?"

நான் தலையாட்டினேன். நாற்பத்தைந்து வருஷம் கடலுக்குப் போனவன் நான். மீன் எங்கே பட்டது என்று கரையில் எவன் கேட்டாலும் தெற்கே பட்டதை வடக்கே என்றுதான் சொல்லியிருக்கிறேன். கூடப் பிறந்தவன் கேட்டாலும் அப்படித்தான். அவனும் எனக்கு அப்படித்தான் சொன்னான். அதில் கோபதாபம் கிடையாது.

"மீன் பிடிக்கிற இடத்த மறைங்க நாநா" என்றாள் ஹஃபீலா வின்சன்டிடம். "சாப்பாடு போடுற வீட்ட மறைச்சா மனுசன் எப்பிடி வருவான்?"

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் விளங்கியது.

"அக்கா!" என்று கத்தினாள் அவள். "ஆருமே வரல்ல எண்டீங்க? இஞ்ச ஒம்பது பேர் வந்துட்டுக் கூகுள் மெப்புல குறை எழுதிப் போட்டிரிக்காங்க. எல்லாம் ஒத்த நட்சத்திரம்!"

"வந்தாங்களா? எங்க? காக்கா கூட வரல்லயே."

ஹஃபீலா வாசித்தாள். "'இந்த இடம் பொய். இப்படி ஒரு ஹோட்டலே இல்லை என்று சந்தியில் சிவப்புத் தொப்பி போட்ட வயதானவர் சொன்னார்.' இது கொழும்பு ஆள். அடுத்தது சிங்களத்துல: 'சிவப்புத் தொப்பி மாமா கண்டக்குழிக்குப் போகச் சொன்னார். அங்கே நல்ல இடம் கிடைத்தது, அவருக்கு நன்றி.' இது ஒரு ஜெர்மன்காரி. நீர்கொழும்புல இரிக்கிறவ போல. 'மிகவும் கவலை. உரிமையாளர் வின்சன்ட் இறந்து மூன்று வருடம் ஆகிறது என்று சிவப்புத் தொப்பி அணிந்த பெரியவர் சொன்னார். குடும்பத்துக்கு எங்கள் அனுதாபங்கள்.'"

"நான் செத்துட்டனா?" என்றான் வின்சன்ட்.

ஒவ்வொருவராக என் தலையைப் பார்த்தார்கள். நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தேன். கழற்றினால் மட்டும் என்ன, எல்லாரும் பார்த்தாகிவிட்டது.

"மாமா" என்றாள் அனஸ்தாசியா. "நான் தலவில கோயில்ல அன்னம்மாளுக்கு நேர்த்தி வச்சு, மெழுகுதிரி மெழுகுதிரியா எரிச்சு, ஒரு வாகனமாவது அனுப்பு தாயே எண்டு கேட்டனான். அவ ஒம்பது அனுப்பியிருக்கா. நீங்க திருப்பி அனுப்பியிருக்கீங்க."

"கறுப்புக் கண்ணாடி போட்ட வேனில வந்தானுகள்" என்றேன். "இறங்கவும் இல்ல, பேர் சொல்லவும் இல்ல. வின்சன்ட் வீடு எங்க எண்டு கேட்டானுகள். நான் சொல்ல மாட்டன்."

"ஏன் சொல்ல மாட்டீங்க?"

"ஒருக்கால் சொன்னனான்."

அதை நான் இந்த முற்றத்தில் அதுவரை சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னேன். சண்டைக் காலம், இரண்டாயிரத்து ஏழில் இதே சந்தியில் ஒரு வேன் நின்றது. இலக்கத் தகடு இல்லை. உள்ளே இருந்தவன் மரியாதையாகத்தான் கேட்டான், றொபியுடைய வீடு எது என்று. நானும் மரியாதையாகக் கையை நீட்டிக் காட்டினேன். நீலக் கேற், பக்கத்தில் முருங்கை மரம் என்று அடையாளமும் சொன்னேன். றொபியைக் கொண்டுபோனார்கள். பதினொரு நாள். திரும்பி வந்தான், உயிரோடுதான் வந்தான். அடுத்த வருஷம் இத்தாலிக்குப் போனான். யார் காட்டியது என்று அவன் என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. எனக்குத் தொப்பி அனுப்புகிறான்.

காற்று நெத்தலி வாசத்தைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்தது. அபூசாலி என் பக்கம் திரும்பினார்.

"நான் கனமூலைக்கு வந்த புதுசுல, ஆராச்சும் 'அபூசாலிட வீடு எது?' எண்டு கேட்டா, தெரியா எண்டுதான் சொல்லுவேன். என்ட வீட்டு வாசல்ல நிண்டுகிட்டு."

அனஸ்தாசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். வின்சன்ட் என் மடியிலிருந்த தொப்பியை எடுத்துத் திரும்பவும் என் தலையில் வைத்தான். "செத்தவன் வச்சு விடுறன், போட்டுக்கொள்ளுங்க" என்றான்.

"அது சரி, ஏன் எல்லாரும் சந்திக்கு வாறாங்க? வீடு இஞ்ச இரிக்கே" என்று ஹஃபீலா கூகுள் மெப்பைத் தோண்டினாள். விஷயம் வெளியே வந்தது. தன் போனுக்கு வீட்டில் சிக்னல் இல்லையென்று சாள்ஸ் சந்திக்குப் போய், ஜபார் கடை வாங்கில் இருந்து, 'என் இடம் இதுதான்' என்று அமத்தியிருக்கிறான். வந்தவர்கள் அத்தனை பேரையும் போனுக்குள் இருந்தவள் கொண்டுவந்து என் மடியில் இறக்கியிருக்கிறாள்.

ஹஃபீலா அந்த அடையாளத்தை எடுத்து வின்சன்டின் கேற்றடியில் நட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், இப்ப இந்த ஒம்பது பேருக்கும் பதில் எழுதணும். குறைக்குப் பதில் போடாட்டி வாறவன் அதத்தான் நம்புவான். மன்னிப்புக் கேட்டு நாலு வரி சொல்லுங்க."

"அங்கிள் எண்டு சொல்லாத. மன்னிப்பும் கேக்க மாட்டன்."

"சரி மாமா. நடந்தத மட்டும் சொல்லுங்க."

நான் சொன்னேன். அவள் ஒரு சொல்லும் மாற்றாமல் தட்டினாள், பிறகு சிங்களத்திலும் இங்கிலீசிலும் போட்டாள். நான் சொன்னது இதுதான்:

"நான்தான் அந்தச் சிவப்புத் தொப்பி. பெயர் மரியநாயகம். நீங்கள் இறங்கவில்லை, பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாதவனுக்கு நான் ஒருவருடைய வீட்டையும் காட்ட மாட்டேன், அதற்குக் காரணம் இருக்கிறது. வின்சன்ட் சாகவில்லை. நல்ல பிள்ளை. நத்தாருக்கு மட்டும் குடிப்பான். கடல் படத்தில் உள்ள மாதிரி நீலம் இல்லை. கருவாடு மணக்கும். சாப்பாடு நன்றாக இருக்கும். வந்தால் இறங்கிப் பெயரைச் சொல்லுங்கள்."

"இப்ப முதல் பக்கத்தில வருமா?" என்று வின்சன்ட் கேட்டான்.

"தெரியா நாநா. மற்றதெல்லாம் ஏற மாசக் கணக்காகும். இந்த அடையாளமும் பதிலும் வேணுமெண்டா கெதியா வேலை செய்யும். இன்ஷா அல்லாஹ்."

"ஏஜென்சிக்குப் போற திங்கக்கிழமைக்கு மூணு கிழமைதான் இருக்கு" என்றாள் அனஸ்தாசியா. அபூசாலி கருவாட்டுப் பெட்டியைத் தூக்கி லொறியில் வைத்தார்.

அடுத்த ஞாயிறு சாள்ஸ் வந்தான். அக்காவின் முன்னால் முழந்தாளில் நின்று, அறுபது வரியையும் தன் கையாலேயே அழித்தான். வெள்ளைக்காரி படுத்திருந்த கடல் போய், எங்கள் சாம்பல் கடல் வந்தது. வலையில் காயும் நெத்தலி, வின்சன்டின் படகு, தூரத்தில் நுரைச்சோலை மின்நிலையப் புகைபோக்கி, எல்லாம் உள்ளபடி. கேட்காமலே என்னையும் எடுத்துப் போட்டான்.

முதல் கிழமை ஒருவரும் இல்லை. அனஸ்தாசியா வின்சன்டின் சேட்டுகளைத் தோய்த்து, மடித்து, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். பெட்டிக்குள் வைக்கவில்லை.

பதினாறாம் தேதி, நான் வாங்கில் இருக்க, ஒரு கார் என்னைத் தாண்டி நேரே மணல் பாதைக்குள் இறங்கியது. நிறுத்தவில்லை, கேட்கவில்லை. குருநாகலிலிருந்து ஒரு குடும்பம், மூன்று பிள்ளைகள். மறுநாள் இரண்டு கார். நாலாம் நாள் அந்த ஜெர்மன்காரி வந்தாள். வேனை விட்டு இறங்கும்போதே கையில் பெரிய பூங்கொத்து. வின்சன்டிடம் நீட்டி, உயிர்த்தெழுந்ததற்கு என்றாளாம். வின்சன்டுக்கு இங்கிலீசு மட்டுமட்டு. அவன் பூவை அனஸ்தாசியாவிடம் கொடுத்தான், அவள் மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்தாள்.

நத்தாரன்று மூன்று கபானாவும் நிறைந்து, பூனையும் குட்டிகளும் என் வீட்டுக்குக் குடிவந்தன. வின்சன்டும் பெண்சாதியும் அடுப்படியில் பாய் போட்டுப் படுத்தார்கள். காலையில் ஐந்து மணிக்கே தேங்காய் திருவும் சத்தம். பத்து மணிக்கு நண்டுக் கறி வாசம் என் வாசலில் வந்து நின்றது. அந்தக் குருநாகல் பிள்ளைகள் நெத்தலி திருப்பப் பழகிவிட்டார்கள். கொழும்பு ஆட்கள் அதைப் படம் பிடித்தார்கள். இதில் படம் பிடிக்க என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை விடியவே சிலாபம் பஸ்ஸுக்கு வின்சன்ட் போகவில்லை. ஆறு மணிக்கு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு படகை இறக்கினான். திரும்பி வந்ததும் என் வளவுக்குள் வந்தான். உடம்பெல்லாம் உப்பு.

"ஏஜென்சிக்குப் போன் பண்ணிட்டன் மாமா. போகல்ல எண்டுட்டன்."

"சரி. பாஸ்போட்டு?"

"அலுமாரிக்குள்ள. அனஸ்தாசியா பூட்டித் திறப்பக் கழுத்தில போட்டுக்கொண்டு திரியிறா."

வேலிக்கு அந்தப் பக்கம் அவள் பாடுகிற சத்தம் கேட்டது. சமையல் சட்டி கழுவும்போது அவள் பாடி நான் கேட்டதே இல்லை. நல்ல குரல் என்று சொல்ல முடியாது.

"நெத்தலி காயுது, போய்த் திருப்பு" என்றேன். இஞ்சிப் பிளேன்டீ குடித்தேன்.

வருஷப் பிறப்புக்குப் பிறகு ஹஃபீலா கேக்கோடு வந்தாள். "மாமா, இப்ப மாம்புரி சிவப்புத் தொப்பி எண்டு அடிச்சா முதலாவதா நாங்கதான் வாறம். ஆக்கள் அப்பிடித்தான் தேடுறாங்க. நான் ஒண்டும் செய்யல்ல, எல்லாம் உங்கட பதில்."

"டிசம்பரில கடல் தூங்கும், டொல்பின் வரும், ஆள் வரும்" என்றேன். "அதுக்குக் கூகுளும் வேணாம், தொப்பியும் வேணாம்."

"போன டிசம்பரும் கடல் தூங்கினதுதானே?"

நான் கேக்கைச் சாப்பிட்டேன். கேட்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு எல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, சந்தியில் ஒரு வேன் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி. கண்ணாடி இறங்கவில்லை, கதவு திறந்தது. ஒரு பெண் பிள்ளை இறங்கி வந்து என் முன்னால் நின்றாள்.

"என்னுடைய பேர் ஷானிகா" என்றாள் அரைகுறைத் தமிழில். "தாத்தாவுடைய பேர் சுனில். குளியாப்பிட்டி."

சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். பின்னால் அந்தத் தகப்பன் இறங்கி, தன் பெயரை ஒருமுறை தானும் சொன்னார். தாய் சொன்னாள். ஒரு கிழவி இறங்கி, தன் பெயரோடு தன் செத்துப்போன புருசனின் பெயரையும் சொன்னாள். வரிசையாக நின்று சொன்னார்கள், பங்குத் தந்தையிடம் ஆசீர்வாதம் வாங்குகிற மாதிரி. ஜபார் தேத்தண்ணியை ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"வின்சன்ட் வீட்டுக்கு எப்படிப் போறது?" என்றாள் அந்தப் பிள்ளை. அவள் கையில் இருந்த போனில் வழி நீலக் கோடாகத் தெளிவாகத் தெரிந்தது. வேண்டுமென்றே கேட்கிறாள்.

"சொல்லுங்களேன் நாயகம்" என்றார் ஜபார். "பேர்தான் சொல்லிட்டாங்களே."

நான் வேனின் முன்பக்கம் போய் இலக்கத் தகட்டைப் பார்த்தேன். இருந்தது. பின்பக்கமும் போய்ப் பார்த்தேன். இரண்டும் ஒரே இலக்கம்தான். அதற்காக நம்பிவிட முடியுமா? பெயரை யாரும் சொல்லலாம். நானே எத்தனை பேருக்குத் தெற்கை வடக்கு என்று சொன்னவன்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன், தொப்பியை அமத்திப் போட்டுக்கொண்டு எழும்பினேன், மணல் பாதையில் இறங்கி நடந்தேன். பத்து மணியாகிவிட்டது, வின்சன்டின் வீட்டைத் தாண்டி என் வீட்டுக்குப் போகிற நேரம். எனக்குப் பின்னால் வேன் முதல் கியரில் மெல்ல மெல்ல உருண்டு வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நான் யாருக்கும் வழி காட்டவில்லை.